லாங்போட் என்றால் எந்தப் படகு?

வைக்கிங்குகளைப் பற்றிய தொடர் ஒன்றைப் பார்த்தால், நாகத்தலை வைத்த போர்க்கலத்தை லாங்போட் என்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டுக் கடல் கலகம் ஒன்றைப் பற்றிப் படித்தால், கப்பல் தலைவனை லாங்போட்டில் ஏற்றி நடுக்கடலில் விட்டுவிட்டார்கள் என்று வருகிறது. போர்னியோ காட்டுப் பயண அறிவிப்பில் ஆற்றில் லாங்போட் சவாரி உண்டு என்று ஒரு வரி இருக்கும். இங்கிலாந்துக் கால்வாய்களில் பென்சில் போல மிதக்கும் வீட்டுப் படகையும் சிலர் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். தமிழில் எழுதும்போது நான்கும் 'நீண்ட படகு' ஆகிவிடுவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், லாங்போட் என்ற பெயரைப் பதிவேட்டிலேயே தாங்கியிருந்த படகுதான் இந்த நான்கில் மிகவும் கட்டை குட்டையானது. ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால் மற்றவையும் தானாகப் புரிந்துவிடும்.

எவை எவை

1. கப்பலின் லாங்போட். 17, 18-ஆம் நூற்றாண்டுப் பாய்மரக் கப்பல்கள் தம்மோடு பல சிறு படகுகளைச் சுமந்து சென்றன. அவற்றில் மிகப் பெரியதுக்கு இந்தப் பெயர். 'நீண்ட' என்றால் கூட இருந்த மற்றப் படகுகளைவிட நீண்டது, அவ்வளவுதான்.

2. வைக்கிங் நீள்கப்பல். வடக்கு ஐரோப்பியர் 8-ஆம் நூற்றாண்டு முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை ஓட்டிய போர்க்கலம். இதைப் படகு என்பதைவிடக் கப்பல் என்பதே சரி. அவர்கள் மொழியிலும் இது 'லாங்ஸ்கிப்', அதாவது நீள்கப்பல்தான்.

3. ஆற்று நீள்படகு. போர்னியோ போன்ற இடங்களில், சாலை இல்லாத மலைக்காட்டு ஆறுகளில் ஓடுவது. ஒருவர் பின் ஒருவராக உட்காரும் அளவுக்குத்தான் அகலம்.

4. கால்வாய்ப் படகு. இங்கிலாந்தில் இதற்கு உரிய பெயர் நேரோபோட், அதாவது ஒடுங்கிய படகு. அங்கே போய் இதைப் பார்ஜ் என்று சொன்னால் படகுக்காரர்கள் திருத்துவார்கள். பார்ஜ் என்பது அகலமானது.

நீளத்தை அகலத்தால் வகுத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தொடக்கத்தில் சொன்ன கலகம் நடந்த, புகழ்பெற்ற பவுண்டி என்ற பிரிட்டிஷ் கப்பலின் பெரிய படகு 7 மீட்டர் நீளம், 2 மீட்டருக்குச் சற்று மேல் அகலம், விகிதம் மூன்றரைக்குள். டென்மார்க்கின் ராஸ்கில்டே அருகே கடலடியிலிருந்து 1962-இல் மீட்கப்பட்ட ஸ்குல்டலேவ் 2 என்ற வைக்கிங் போர்க்கலம் 30 மீட்டர் நீளம், 4 மீட்டருக்கும் குறைவான அகலம். விகிதம் கிட்டத்தட்ட எட்டு. கால்வாயின் நேரோபோட் 22 மீட்டருக்கு 2.1 மீட்டர், அதாவது பத்துக்கு மேல்.

நீளம் எதைத் தருகிறது

படகை நீளமாகக் கட்டுவது அழகுக்காக அல்ல. மரம் அதிகம் செலவாகும், கட்டுவது கடினம், திருப்புவது அதைவிடக் கடினம். இவ்வளவுக்கும் மீறி நீளமாகக் கட்டினார்கள் என்றால் அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

1. அமிழ்வு குறையும். ஒரு படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கித்தான் மிதக்கிறது. படகும் பாரமும் சேர்ந்து 3 டன் என்றால் 3 கன மீட்டர் நீரை விலக்கியாக வேண்டும். இதில் பேரம் கிடையாது. பெட்டி போன்ற ஒரு படகை எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் என்றால் அடிப்பரப்பு 9 சதுர மீட்டர். 3 டன் ஏற்றினால் அது 33 சென்டிமீட்டர் அமிழும். அகலத்தைத் தொடாமல் நீளத்தை மட்டும் 12 மீட்டர் ஆக்கினால் அமிழ்வு 17 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். நிஜப் படகின் அடி வளைவாக இருப்பதால் கணக்குச் சற்று மாறும், போக்கு இதுதான்.

சரி, நீளத்துக்குப் பதில் அகலத்தைக் கூட்டினாலும் இதே பலன்தானே என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் அகலப் படகைத் தள்ளுவதற்குள் கை ஓய்ந்துவிடும். அதுதான் அடுத்த காரணம்.

2. வேகத்தின் உச்சவரம்பு உயரும். படகு ஓடும்போது அணியத்தில், அதாவது முன்முனையில், ஓர் அலை எழும். அந்த அலையின் நீளம் வேகத்தோடு சேர்ந்து வளரும். அது படகின் நீளத்துக்குச் சமமாக வளர்ந்த நிலையில், அணியம் ஓர் அலைமுகட்டிலும் பின்முனை அடுத்த முகட்டிலுமாகப் படகு மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் தானே எழுப்பிய அலைமேட்டில் தானே ஏற வேண்டும். கைத்தண்டாலோ, அதாவது துடுப்பாலோ, சாதாரணப் பாயாலோ அது பெரும்பாலும் ஆகாத காரியம்.

இதற்கு மாலுமிகள் பயன்படுத்தும் தோராய வாய்பாடு ஒன்று உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்கினால் வேக வரம்பு 'நாட்' என்ற அலகில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று, கிடைக்கும். 6 மீட்டர் படகுக்கு 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். 24 மீட்டர் கலத்துக்கு 12 நாட். நீளம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு. மிக ஒடுங்கிய படகு எழுப்பும் அலையே சிறியது என்பதால், அது இந்த வரம்பைக் கொஞ்சம் மீறவும் முடியும்.

3. ஆட்களுக்கு இடம். தண்டு வலிப்பவர் ஒவ்வொருவருக்கும் முன்னும் பின்னும் சாய ஏறக்குறைய ஒரு மீட்டர் வேண்டும். முப்பது பேர் ஒரு பக்கம் வலிக்க வேண்டுமென்றால் முப்பது மீட்டர் கலம் வேண்டும். படகின் எஞ்சினே மனிதர்கள்தான் என்றால், எஞ்சின் அறை படகு முழுக்க நீண்டுதானே ஆகும்?

ஆக, ஆழத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் விலைதான் நீளம். தண்ணீர் ஆழமில்லாத இடத்தில் பாரமும் வேண்டும், வேகமும் வேண்டும், தள்ளக் கை மட்டும்தான் உண்டு என்றால் படகு நீள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

நீளத்தின் பலவீனம் அலையில் தெரியும். நீண்ட கலத்தின் நடுப்பகுதியை ஓர் அலை தூக்கினால் இரு முனைகளும் தொங்கும். அலை நகர்ந்ததும் முனைகள் மேலே, நடு கீழே. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை இப்படி வளைந்தால் பலகை மூட்டுகள் விட்டுக்கொள்ளும், கலப்பற்று அடித்த, அதாவது இடுக்கில் நீர் புகாமல் அடைத்த, பஞ்சும் கீலும் பிதுங்கி வெளியே வரும். இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதில்தான் ஒவ்வொரு நாட்டுத் தச்சரின் கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது.

கப்பலின் லாங்போட்: கடலில் ஒரு மாட்டுவண்டி

இப்போது அந்தக் குட்டையான படகுக்கு வருவோம். அது குட்டையானதற்குக் காரணம், அது கப்பலின் மேல்தளத்தில் பயணம் செய்ய வேண்டியிருந்ததுதான். முன்பாய்மரத்துக்கும் நடுப்பாய்மரத்துக்கும் இடையே இருக்கும் இடம்தான் அதன் தொட்டில். அந்த இடத்தைவிட நீளமாக அதைக் கட்ட முடியாது. ஆனால் பாரம் நிறையச் சுமக்க வேண்டும். எனவே அகலத்திலும் ஆழத்திலும் ஊதிவிட்டது.

தொடக்க காலத்தில் தூக்கி வைக்க முடியாத அளவு பெரிதாக இருந்ததால், கப்பலின் பின்னால் கயிறு கட்டி இழுத்துப்போனார்கள். புயலில் அறுந்து போவதும் தண்ணீர் நிரம்பி மூழ்குவதும் வாடிக்கை. பிறகு மேல்தளத்தில் ஏற்றினார்கள். பக்கவாட்டில் தொங்கவிடும் இரும்புக் கைகள் அப்போது இல்லை. பாய் கட்டும் குறுக்குமரங்களில், அதாவது பருமல்களில், கப்பியும் கயிறும் மாட்டி ஒரு பெரிய கூட்டமே இழுத்துத்தான் அதைக் கடலில் இறக்க முடியும். அவசரத்துக்கு உதவாத ஏற்பாடு இது. நெடும்பயணத்தில் அதைச் சும்மா விட்டு வைக்கவும் மனம் வரவில்லை. ஆடு, பன்றி, கோழிகளை அதற்குள் அடைத்து வைப்பது சாதாரணம்.

அதன் வேலைகள் இவை:

1. தண்ணீர் கொண்டுவருதல். ஒருவருக்கு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 300 பேர் உள்ள கப்பலுக்கு ஒரு நாளைக்கு 1,200 லிட்டர். இரண்டு மாதத்துக்கு 72 டன்! இது குடிக்க மட்டும். பெரிய கப்பல் கரைக்கு அருகே வர முடியாத இடத்தில் இத்தனை தண்ணீரையும் பீப்பாய்களில் நிரப்பி, கரைக்கும் கப்பலுக்கும் இடையே நடையாக நடந்து சேர்த்தது லாங்போட்தான். விறகும் அப்படியே.

2. நங்கூரம் சுமத்தல். இதுதான் அதன் மிக முக்கியமான வேலை. அதிகம் பேசப்படாததும் இதுதான். கப்பல் தரைதட்டிவிட்டால் காற்றை நம்பிப் பயனில்லை. லாங்போட்டில் நங்கூரத்தையும் வடத்தையும் ஏற்றி, ஆழமான பக்கம் கொண்டுபோய்ப் போடுவார்கள். பிறகு கப்பலில் உள்ள உருளையை ஆட்கள் சுற்ற, வடம் சுருளச் சுருளக் கப்பல் நங்கூரத்தை நோக்கி நகரும். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி போன்ற போர்க்கப்பலின் பெரிய நங்கூரம் 4 டன்னுக்கு மேல். அவ்வளவு கனத்தைத் தாங்க எப்பேர்ப்பட்ட படகு வேண்டும் என்று யோசித்தால், லாங்போட்டின் பருமன் அசிங்கமாகத் தெரியாது.

பிரிட்டிஷ் கடலோடி ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் 1770 ஜூன் 11 இரவு ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் மோதி நின்றபோது அதைக் காப்பாற்றியது இந்த முறைதான். பீரங்கிகள் உட்பட 40, 50 டன் பொருளைக் கடலில் எறிந்தார்கள். படகுகளில் நங்கூரங்களைக் கொண்டுபோய்ப் போட்டு, அடுத்த நாள் இரவு ஏற்றநீரில் இழுத்து விடுவித்தார்கள்.

3. காற்றில்லாதபோது இழுத்தல். பாய் தொங்கிப்போன கப்பலைப் படகுகள் வரிசையாக முன்னே நின்று இழுக்கும். 1812 ஜூலையில் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் கப்பல், துரத்தி வந்த பிரிட்டிஷ் படைப்பிரிவிடமிருந்து இப்படித்தான் தப்பியது. முதலில் படகுகள் இழுத்தன. பிறகு நங்கூரத்தை முன்னே கொண்டுபோய்ப் போட்டு இழுப்பது, அது முடிவதற்குள் இரண்டாவது நங்கூரத்தைப் போடுவது என்று மாற்றி மாற்றிச் செய்தார்கள். துரத்தியவர்களும் இதைப் பார்த்துவிட்டு அதையே செய்தார்கள். காற்றில்லாத கடலில் நாள்கணக்கில் நடந்த, நடைவேகத் துரத்தல் அது.

4. கரையிறக்கமும் சண்டையும். அணியத்தில் சிறு பீரங்கி ஒன்றைப் பொருத்தினால் லாங்போட்டே போர்ப்படகு. துறைமுகத்துக்குள் நிற்கும் எதிரிக் கப்பலை இரவில் படகுகளில் போய்ப் பிடித்து இழுத்துவருவது அந்தக் காலத்துக் கடற்படைகளின் வழக்கமான உத்தி. 1799 அக்டோபரில் இன்றைய வெனிசுவேலாவின் புவேர்த்தோ கபேயோ துறைமுகத்தில் ஹெர்மயோனி என்ற கப்பலைப் பிரிட்டிஷார் இப்படித்தான் மீட்டார்கள். வந்தவர்கள் படகுகளில் ஏறிய நூறு பேர் அளவில்தான்.

இந்தப் படகுகளின் பெரிய எதிரி அலை அல்ல, புழு. வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு, வெளியே பார்த்தால் தெரியாத அளவுக்கு உள்ளே சல்லடையாக்கிவிடும். 1769-இல் பசிபிக் தீவான டஹிட்டியில் குக்கின் லாங்போட்டை இழுத்துப் பார்த்தபோது அடிப்பலகை அரிக்கப்பட்டிருந்தது. அதே நீரில் கிடந்த இன்னொரு படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு வெள்ளை ஈயப் பூச்சு அடித்திருந்தார்கள்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பிரிட்டிஷ் கடற்படை லாங்போட்டை விட்டு லாஞ்ச் என்ற வகைக்கு மாறியது. லாஞ்ச் இன்னும் தட்டையான அடி கொண்டது. பாரத்துக்கும் நங்கூரத்துக்கும் வசதி. திறந்த கடலில் அது பழைய லாங்போட் அளவுக்குச் சமாளிக்காது என்ற குறை உண்டு. பெயர் மட்டும் பேச்சில் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் பவுண்டியின் லாஞ்சைப் பலரும் இன்றும் லாங்போட் என்கிறார்கள்.

அது உயிர்காக்கும் படகா?

இல்லை. இன்றைய கப்பல்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு அன்றைய கப்பலைப் பார்ப்பதால் வரும் தவறு இது. டிராஃபால்கர் போரின்போது விக்டரியில் 800-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். படகுகள் மொத்தம் ஆறு. அவற்றில் பெரியதே 34 அடி லாஞ்ச். எல்லோரையும் ஏற்றிக்கொள்வது என்பது கணக்கிலேயே இல்லை. கப்பலில் உள்ள அனைவருக்கும் உயிர்காக்கும் படகில் இடம் வேண்டும் என்ற சர்வதேச விதியே 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914 உடன்படிக்கையில்தான் வந்தது.

ஆனாலும் வேறு வழியில்லாதபோது இந்தப் படகுகள் செய்து காட்டியவை வியப்பானவை. 1789 ஏப்ரல் 28 அன்று பவுண்டியில் கலகம் செய்தவர்கள் முதலில் ஒரு சின்னப் படகைத்தான் இறக்கினார்கள். அதன் அடி புழு அரித்துக் கிடந்ததால் லாஞ்சைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதில் கப்பல் தலைவர் வில்லியம் பிளை உட்பட 19 பேர் ஏறினார்கள். படகின் விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு சாண் அளவுகூட இல்லை. இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே போனார்கள். தேங்காய்ச் சிரட்டையில் தராசு செய்து, துப்பாக்கிக் குண்டை எடைக்கல்லாக வைத்து ரொட்டியைப் பங்கிட்டார்கள். டோஃபுவா தீவில் இறங்கியபோது தீவுக்காரர்களின் தாக்குதலில் ஒருவர் இறந்தார். மற்ற 18 பேரும் 3,618 கடல் மைல், அதாவது சுமார் 6,700 கிலோமீட்டர் கடந்து, ஜூன் 14 அன்று திமோர் தீவின் குபாங் சேர்ந்தார்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முன்பு நடந்த, வேகர் என்ற பிரிட்டிஷ் கப்பலின் கதை. 1741 மே மாதம் அந்தக் கப்பல் தென் அமெரிக்காவின் தென்கோடியில், பட்டகோனியக் கரையோரத்தில் உடைந்தது. கரையேறியவர்களில் தச்சரும் இருந்தார். அவர் லாங்போட்டை நடுவே அறுத்து, இடையில் மரம் சேர்த்து நீட்டி, தளம் போட்டு, இரண்டு பாய்மரம் நட்டு ஒரு சிறு கப்பலாகவே மாற்றினார். அந்த ஆண்டு அக்டோபரில் 81 பேர் அதிலும் உடன்வந்த சிறு படகுகளிலுமாகப் புறப்பட்டார்கள். 1742 ஜனவரி கடைசியில் பிரேசிலின் ரியோ கிராண்டி கரையைத் தொட்டபோது அதில் இருந்தவர்கள் 30 பேர்தான். லாங்போட்டை நீட்டியதால்தான் அந்த முப்பது பேருக்காவது வழி கிடைத்தது. பட்டினியை நீளத்தால் தீர்க்க முடியவில்லை.

வைக்கிங் நீள்கப்பல்: கடலும் ஆறும் ஒரே கலத்தில்

கப்பலின் லாங்போட் பெரிய கலத்துக்குத் துணை. வைக்கிங் நீள்கப்பலோ தானே கப்பல், தானே படகு. கடலைக் கடந்த அதே கலம் நேராக மணலில் ஏறும். அப்படியே ஆற்றுக்குள்ளும் போகும். அவர்களைக் கண்டு ஐரோப்பா நடுங்கியதற்கு இதுவே காரணம். துறைமுகம் இருக்கும் ஊர்தான் கடல் தாக்குதலுக்கு அஞ்ச வேண்டும் என்ற பழைய கணக்கு பொய்த்துப் போனது. 845-இல் சேன் ஆற்றில் ஏறிப் பாரிஸைச் சூறையாடிவிட்டு, 7,000 பவுண்டு எடை வெள்ளியை வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள். பாரிஸ் கடலோரத்திலா இருக்கிறது?

ஸ்குல்டலேவ் 2 இந்த வகைக்கு நல்ல உதாரணம். 30 மீட்டர் நீளக் கலம், 60 தண்டுகள். அமிழ்வு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், இடுப்பளவுத் தண்ணீர் போதும். மர வளையங்களை வைத்து ஆராய்ந்தபோது அது 1042 வாக்கில் டப்ளினில் கட்டப்பட்டது என்று தெரிந்தது. அதே இடத்தில் கிடைத்த ஸ்குல்டலேவ் 1 சரக்குக் கலம்: 16 மீட்டர் நீளம், ஐந்து மீட்டருக்குச் சற்றே குறைவான அகலம், 24 டன் சரக்கு, ஓட்ட ஏழெட்டுப் பேர். போர்க்கலத்துக்கு ஆள் பலம், நீளம். சரக்குக் கலத்துக்குப் பாய், அகலம். வைக்கிங்குகள் எல்லாவற்றையும் நீளமாகக் கட்டினார்கள் என்ற எண்ணம் தவறு. கிரீன்லாந்துக்குக் குடும்பத்தோடும் மாடுகளோடும் போனவர்கள் இந்த அகலக் கலங்களில்தான் போனார்கள்.

அலையில் வளையும் சிக்கலை அவர்கள் எதிர்க்கவில்லை, விட்டுக்கொடுத்தார்கள். ஒரு பலகையின் விளிம்பின் மேல் அடுத்த பலகை ஏறியிருக்கும்படி வைத்து இரும்பு ஆணிகளால் இறுக்கி, இடையில் தாரில் தோய்த்த கம்பளி நூலை வைத்தார்கள். இப்படிக் கட்டிய உடல் மெல்லியது, வளையும், ஆனால் உடையாது. நார்வேயில் 1880-இல் தோண்டியெடுத்த காக்ஸ்டட் கலத்தைப் போலவே ஒன்றைக் கட்டி, 1893-இல் மாக்னஸ் ஆண்டர்சன் என்ற மாலுமி அட்லாண்டிக்கைக் கடந்தார். பெர்கனிலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்கு 28 நாள். கடல் கொந்தளித்தபோது கலத்தின் மேல்விளிம்பு தன் நேர்கோட்டிலிருந்து 15 சென்டிமீட்டர் வரை முறுக்கிக்கொண்டதாம்; அப்படியும் தண்ணீர் உள்ளே கசியவில்லை.

ஒரு சின்னத் திருத்தமும் இங்கே தேவை. பெரிய நீள்கப்பல்களை ரஷ்யக் காடுகளில் உருட்டி இழுத்துக்கொண்டு கருங்கடல் வரை போனார்கள் என்று ஒரு படம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டு பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைனின் குறிப்பு வேறு மாதிரி சொல்கிறது. ரூஸ் வணிகர்கள், அதாவது அந்த ஆற்றுவழியில் வணிகம் செய்த வைக்கிங் வழிவந்தவர்கள், கீவில் ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த ஓடங்களை வாங்கி, பழைய ஓடங்களிலிருந்து கழற்றிய தண்டு முதலியவற்றை அவற்றில் பொருத்தி, நீப்பர் ஆற்றில் இறங்கினார்கள். பாறை நிறைந்த வேகநீர் வரும் இடங்களில் சரக்கை இறக்கி, ஓடத்தை இழுத்தும் தோளில் சுமந்தும் கரைவழியே கடந்தார்கள். அந்த இடங்களில் பெச்செனேக் என்ற நாடோடி இனத்து வீரர்கள் தாக்கக் காத்திருப்பார்கள். 972-இல் கீவின் இளவரசர் ஸ்வியாத்தஸ்லாவ் கொல்லப்பட்டது அங்கேதான்.

ஆழமில்லாத நீரின் தனிக் கணக்கு

ஆற்றிலும் கால்வாயிலும் இன்னொரு விதி குறுக்கே வருகிறது. ஆழமில்லாத நீரில் அலை ஓடும் வேகத்துக்கே வரம்பு உண்டு. அந்த வரம்பை ஆழம்தான் தீர்மானிக்கிறது. அரை மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு சுமார் 8 கிலோமீட்டர், ஒன்றரை மீட்டரில் சுமார் 14. இந்த வேகத்தை நெருங்கும் கனத்த படகு பெரிய அலையை எழுப்பி, பின்முனை கீழே இறங்கி அடியை உரசும். எவ்வளவு தள்ளினாலும் வேகம் கூடாது, கரைதான் அரிக்கப்படும்.

1834-இல் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற பொறியாளர் எடின்பரோ அருகே யூனியன் கால்வாயில் குதிரைகள் இழுத்த ஒரு படகைக் கவனித்துக்கொண்டிருந்தார். படகு சட்டென்று நின்றது. அதன் முன்னே குவிந்திருந்த நீர்மேடு நிற்காமல் தனி அலையாக ஓடத் தொடங்கியது. அவர் குதிரையில் ஒன்றிரண்டு மைல் அதைத் தொடர்ந்து போனார். வேகம் மணிக்கு எட்டு ஒன்பது மைல் என்று குறித்துவைத்தார். அதாவது 13, 14 கிலோமீட்டர். ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு மேலே சொன்ன கணக்கு தரும் அளவேதான். இன்று சாலிட்டான் என்று இயற்பியலில் ஒரு துறையாகவே வளர்ந்துள்ள விஷயத்தின் தொடக்கம் ஒரு கால்வாய்ப் படகு.

நேரோபோட்டின் அளவை நிர்ணயித்தது அலை அல்ல, செலவு. 1766-இல் டிரென்ட் மெர்சி கால்வாய் வேலையைத் தொடங்கிய ஜேம்ஸ் பிரிண்ட்லி, ஹேர்காசல் குன்றைக் குடைந்து இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் போட வேண்டியிருந்தது. சுரங்கத்தின் அகலம் கூடக்கூடச் செலவு ஏறும். மட்டம் மாறும் இடங்களில் நீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் மதகுத்தொட்டிகளும் அப்படியே. 22 மீட்டருக்கு 2.1 மீட்டர் தொட்டியில் இரண்டரை மீட்டர் ஏற்றினால் ஒவ்வொரு முறையும் சுமார் 115 டன் தண்ணீர் கீழே போய்விடும். அகலத்தை இரட்டிப்பாக்கினால் இழப்பும் இரட்டிப்பு. அதனால் ஒடுக்கமாக முடிவு செய்தார். படகுகளும் அதற்கேற்ப நீண்டன. ஒரு குதிரை சாலையில் ஒன்றிரண்டு டன் இழுக்கும். இந்தப் படகில் 25, 30 டன். சுரங்கத்துக்குள் குதிரைக்கு வழி கிடையாது. ஆட்கள் படகின் மேல் மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்தினார்கள்.

போர்னியோவின் ஆற்றுப் படகில் இந்த விதிகள் எல்லாம் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்கலாம். சரவாக்கின் உள்நாட்டு ஆறுகளில் இபான் போன்ற மக்கள் ஓட்டும் நீள்படகுக்கு அடியில் குடைந்த ஒற்றை மரம், அதன் மேல் பக்கத்துக்குப் பலகைகள். பழைய முறையில் பலகைகளைப் பிரம்பால் தைப்பார்கள். கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும் கூழாங்கல் படுகையிலும் அது போயாக வேண்டும். மழை பெய்தால் அதே ஆறு ஒரே இரவில் ஆள் உயரம் ஏறும். ஆகவே அணியத்தில் ஒருவர் கழியோடு நிற்கிறார், பின்னால் ஒருவர் எஞ்சினைப் பிடித்திருக்கிறார். பாறை வந்தால் முன்னவர் கழியால் அணியத்தைத் தள்ளி விலக்க, பின்னவர் எஞ்சினைச் சட்டென்று தண்ணீருக்கு மேலே சாய்த்துவிடுவார். எஞ்சின் பின்முனையை மட்டும்தான் திருப்பும். இத்தனை நீளப் படகின் முன்முனைக்குத் தனியாக ஆள் வேண்டியிருக்கிறது.

தாய்லாந்தின் நீள்வால் படகு இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. கார் அல்லது லாரி எஞ்சினைப் பின்முனையில் ஒரு சுழலும் தாங்கியில் ஏற்றி, அதிலிருந்து சில மீட்டர் நீளத் தண்டின் நுனியில் சுழல்விசிறியைப் பொருத்திவிட்டார்கள். ஓட்டுநர் கைப்பிடியை அழுத்தினால் விசிறி நீரை விட்டு மேலே வரும். பக்கவாட்டில் தள்ளினால் படகு திரும்பும். தனிச் சுக்கான் தேவையில்லை. ஆங்கிலத்தில் இதன் பெயரிலும் லாங் என்ற சொல் இருப்பதால் சிலர் இதையும் லாங்போட் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். தாய் மொழியில் 'ருவா ஹாங் யாவ்' என்றால் நீண்ட வாலுள்ள படகு. இங்கே நீண்டது படகு அல்ல, வால்.